டர்பனில் கர்நாடக இசைக்கென ஒரு வானொலி

முழு நேரமும் கர்நாடக இசையும் பழைய தமிழ்ப் பாட்டும் போட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வானொலி தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வணிக நிலையமாக என்றால் கஷ்டம். சமூக வானொலியாக, நேயர்களின் நன்கொடையோடு என்றால் முடியும்.

விளம்பரம் தருபவர் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணித்தான் காசு கொடுப்பார். ஜோகன்னஸ்பர்கில் 1997-இல் மேற்கத்தியச் செவ்விசைக்கென வந்த வணிக நிலையம் கிளாசிக் எஃப்எம், 2021-இல் ஜனரஞ்சகப் பாட்டுப் போடும் ஹாட் 102.7 ஆகிவிட்டது. கேப் டவுனின் ஃபைன் மியூசிக் ரேடியோவும் செவ்விசை, ஜாஸ்தான் போடுகிறது. அது லாப நோக்கில்லாத சமூக நிலையம், நிலைத்துவிட்டது.

முதலில் இணையத்தில் ஓட்டுங்கள். புரட்டாசியில் தொடங்கி, இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் கற்பூரமும் வாழையிலையும் விற்கும் கடைக்காரரிடம் விளம்பரம் கேளுங்கள். அந்த மாதம் தருவார். பண்டிகை இல்லாத மாதத்திலும் தருகிறாரா என்பதுதான் கணக்கு. அப்புறம், அறிவிப்பை ஆங்கிலத்திலும் சொல்லுங்கள். தேவாரத்தை உருகிக் கேட்கிற பலருக்கு இங்கே தமிழ் பேச வராது. அவர்களும் நம் நேயர்கள்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: இணையம்தானே என்று இசைப் படைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் சாம்ரோ அமைப்பின் உரிமம் இல்லாமல் பாட்டுப் போடாதீர்கள். எஃப்எம்முக்குப் போவதானால் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஐகாசா ஆணையத்தின் உரிமமும் வேண்டும்.