பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைக் கிழிக்காமல் ஆபரேஷன் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டது லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் அறுவை. தொப்புளருகே ஒன்று, மேல்வயிற்றில் மூன்று என 5 முதல் 10 மி.மீ. அளவில் பொதுவாக நான்கு துளைகள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைத்தால்தான் உள்ளே கருவிகள் திரும்ப இடம் கிடைக்கும். (மறுநாள் தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள், அந்த வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது.) பித்தப்பையின் குழாய்க்கும் தமனிக்கும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு துளை வழியே வெளியே எடுத்துவிடுவார்கள். கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப உருவாகும். அதனால்தான் பையையே எடுப்பது. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற அறுவை மருத்துவர் இதை முதலில் செய்தபோது சக மருத்துவர்களே ஏற்கவில்லை!

ஒற்றைத் துளை முறையும் உண்டு. தழும்பு தெரியாது என்பதைத் தாண்டி அதில் பெரிய லாபமில்லை என்பது என் கருத்து. வீக்கம் அதிகமாகி பித்தநாளம் (பித்தநீர் செல்லும் குழாய்) சரியாகத் தெரியாவிட்டால், நடுவிலேயே திறந்த அறுவைக்கு மாறுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் முன்பே கையெழுத்து வாங்குகிறார்கள்.