தைத்தவள் பெயர் எங்கே?

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் வசிக்கிறேன். அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் ஒடாவா பழங்குடியினரின் மணிவேலை செய்த தோள்பையையும் கம்பளி இடைக்கச்சையையும் பார்த்தேன். மணிகள் வெனிஸிலிருந்தும் கம்பளி இங்கிலாந்திலிருந்தும் வந்தவையாம். பிறகு எப்படி இவை பாரம்பரிய உடை? ஒஜிப்வே மக்களின் உடைகளிலிருந்து இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவோம். ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவாட்டமி மூவரும் அனிஷினாபே என்னும் ஒரே பெருங்குடும்பம். பழைய உடை ஒன்றைக் காட்டி இன்னாருடையது என்று சொல்ல நிபுணர்களே தயங்குகிறார்கள்.

முதல் கேள்விதான் எரிச்சலூட்டுகிறது. சரக்கு வந்த ஊரை விசாரித்த நீங்கள், அதை வாங்கிய கைகள் என்ன செய்தன என்று பார்த்தீர்களா? 1615இல் ஹியூரான் ஏரிப் பக்கம் பிரெஞ்சு நாடாய்வாளர் ஷாம்ப்ளேன் சந்தித்த ஒடாவாக்கள் ஏரிகளைக் கடந்து வணிகம் செய்தவர்கள். புதுச் சரக்கைக் கண்டு மிரள்கிறவர்கள் அல்லர். முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயமேற்றித் தைத்த மரபுதான் பிறகு கண்ணாடி மணியையும் எடுத்துக்கொண்டது. வாங்கிய கம்பளியைக்கூடப் பிரித்து, மறுபடி நூலாக முறுக்கினார்கள். அந்தக் கச்சைக்குத் தறி கிடையாது, ஐயா! நூல்களைக் குச்சியில் கட்டி, விரல்களாலேயே சாய்வாக மாற்றி மாற்றிப் பின்னவேண்டும். வெள்ளை மணிகள் பின்னி முடித்தபின் தைக்கப்படுபவை அல்ல. பின்னும்போதே நூலில் ஏறி உள்ளே போகின்றன. ஓர் இழை தவறினால் கோலமே கோணிவிடும். இந்தக் கணக்கை வெனிஸிலிருந்து யாரும் பெட்டியில் போட்டு அனுப்பவில்லை.

எனக்கு வேறொரு கோபம் உண்டு. 1790 வாக்கில் உங்கள் மிச்சிகனின் மிச்சிலிமாக்கினாக் கோட்டையில் ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சேகரித்த அனிஷினாபே உடைகள் இன்றும் இருக்கின்றன. சேகரித்தவர் பெயர் தெரியும். செய்தவர் பெயர் தெரியாது. எங்கு போனாலும் இதே கதைதான். இப்படியோர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையின் முன் என் அம்மா வெகுநேரம் குனிந்து நின்றாள். ஊரில் ரவிக்கை தைத்துக் கொடுத்து எங்களை வளர்த்தவள். ஆங்கிலம் தெரியாது. “தைத்தவள் பெயர் போட்டிருக்கிறதா, பார்” என்றாள். சீட்டை இருமுறை படித்தேன். ஒரு ராணுவ அதிகாரி இருந்தார், ஆண்டு இருந்தது, நன்கொடையாளர் இருந்தார். அவள் இல்லை. அம்மா “ம்” என்று நகர்ந்துவிட்டாள்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. முள்ளம்பன்றி முள்ளால் அலங்கார வேலை செய்யும் ஒடாவா கலைஞர் இவோன் வாக்கர் கெஷிக்குக்கு 2014இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்த்துவிட்டு எழுதத் தோன்றியதே, நல்ல மனம்தான். அடுத்த கோடையில் பழங்குடியினர் கூடி ஆடிப்பாடும் பவ்வாவ் விழாவுக்குப் போனால், மணிவேலை விற்கும் அம்மாளிடம் இந்த வெனிஸ் கேள்வியைக் கேட்டுவைக்காதீர்கள். யார் செய்தது என்று கேளுங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.