முதலில் அடுப்பு, அப்புறம்தான் வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறோம் அண்ணாச்சி. பெட்ரோல் எரிந்தால் சக்கரம் ஏன் சுற்ற வேண்டும்? யாரைக் கேட்டாலும் 'அது எஞ்சின் வேலை' என்கிறார்கள். (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பாட்டி வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் கிடந்தால் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள் தம்பி. கால் மேலும் கீழும்தான் போகிறது, ஆனால் பக்கத்தில் சக்கரம் சுற்றுகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. எஞ்சினில் கால் இருக்கிற இடத்தில் பிஸ்டன், கம்பிக்குப் பதில் கனெக்டிங் ராடு, சக்கரத்துக்குப் பதில் கிராங்க், அவ்வளவுதான். பிஸ்டன் இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், ஏறும்போது நெருங்கும், ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் சூடேறிய வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே உதைக்கும், திரும்ப ஏறும்போது புகை வெளியே போகும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பது இதுதான், நாலில் ஒன்றுதான் உதை. மீட்டரில் 2000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்று காட்டினால், இரண்டு சுற்றுக்கு ஒரு உதை வீதம் ஒரு சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு 1000 தடவை தீப்பிடிக்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பங்கு சைலன்சர் வழியும் ரேடியேட்டர் வழியும் வீணாகத்தான் போகிறது. அதனால்தான் நான் காரை முதலில் அடுப்பு என்பேன்.

டிரைவிங் படிக்கிறேன். மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிடித்தால் கருகிய வாடை வருகிறது. வண்டி பழசா, நான்தான் தப்பா? (வாசகி, தக்கலை)

வண்டி மேல் பழி போட வேண்டாம், சொல்லிக்கொடுத்தவர் மேல் பாதி போடலாம். இரண்டு தோசைக்கல்லை முகத்தோடு முகம் வைத்ததுதான் கிளட்ச் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருக்கும், மற்றது கியர்பாக்ஸ் பக்கம். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் ஸ்பிரிங் அழுத்தி ஒட்டிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதே எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும், நின்றுகொண்டிருக்கிற சக்கரத்தோடு அதைச் சட்டென்று கோத்தால் குலுங்கி அணைந்துபோகும், அதனால் கொஞ்சம் வழுக்கவிட்டு மெல்லக் கோக்கிறோம். அந்த வழுக்கல் இரண்டு மூன்று நொடிக்கான வேலை. நீங்கள் அதையே பிரேக்காக்கி நிமிடக்கணக்கில் நின்றால் பிளேட் உரசிச் சூடேறி வாடை அடிக்கும். மேட்டில் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குவது தெரியும், அப்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். பத்து நாளில் கைவந்துவிடும்.

கோதையாறிலிருந்து பேச்சிப்பாறைக்கு இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று மாமா சொல்கிறார், சரியா? (வாசகர், குலசேகரம்)

மாமா கார்புரேட்டர் காலத்து ஆளாக இருப்பார், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற பழைய கருவி அது. பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்க அது எரிந்தாக வேண்டும், ஆக நஷ்டம்தான். பெட்ரோலை விடுங்கள், பெரிய விஷயம் பிரேக். இறக்கத்தில் வேகத்தையெல்லாம் பிரேக் சூடாக மாற்றி விழுங்க வேண்டும். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால், ஈரம் குடித்த பழைய பிரேக் ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். செகண்ட் கியரில் இறங்குங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சாவியை அணைத்து உருட்டுகிற மகான்களும் உண்டு. எஞ்சின் தருகிற துணை நின்றுபோவதால் இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

மார்த்தாண்டம் நெரிசலில் சூட்டு முள் ஏறுகிறது, ஆரல்வாய்மொழி பக்கம் ஓட்டினால் இறங்கிவிடுகிறது. (வாசகர், தோவாளை)

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றில் ரேடியேட்டர் தானே ஆறிவிடும், நெரிசலில் ஃபேன்தான் ஆற்ற வேண்டும், அது சுற்றவில்லை போலிருக்கிறது. முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலே, அப்புறம் மோட்டார், கூடவே ரேடியேட்டருக்குள் ஓடுகிற கூலன்ட் தண்ணீரின் அளவு. முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் கிடக்கிற தண்ணீர் மூடி தளர்ந்ததும் ஒரேயடியாகக் கொதித்து மேலே வரும், நான் ஒருதடவை துண்டைச் சுற்றித் திறந்தேன், துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை, மணிக்கட்டில் தழும்பு மட்டும் இருக்கிறது. அரைமணி, முக்கால்மணி ஆகட்டும். டீ குடியுங்கள்.

டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கும்? (வாசகர், திங்கள்சந்தை)

எங்கேயும் இருக்காது. காற்றை நெருக்குகிற நெருக்கில் அதுவே அவ்வளவு சூடாகும், டீசல் பட்டதும் பற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கிற குளோ பிளக், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது சூடேற்றிக் கொடுக்கத்தான்.

கடலிலிருந்து வீடு கூப்பிடு தூரம். உப்புக்காற்றுக்குப் பயந்து தினமும் கவர் போட்டு மூடுகிறேன், இருந்தும் துரு. (வாசகர், குளச்சல்)

ஈரத்தோடு மூடினால் உப்பையும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டிவைத்த மாதிரிதான். நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முக்கியமாக அடிப்பக்கமும் சக்கர வளைவுகளும், காயவிட்டு மூடுங்கள். கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் வழிந்துவிடும்.