‘மேத்ஸ் லினக்ஸ்’ பென்டிரைவ்: 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செய்முறைத் தேர்வுக்கு மேக்சிமா, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள்களைப் பழக வேண்டும். கல்லூரி லேபில் விண்டோஸ் இல்லை, அதற்குப் பதிலாக லினக்ஸ்தான். வீட்டில் இருப்பது விண்டோஸ் 11 போட்ட ஒரே லேப்டாப். என் கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம் என்கிறாள். கம்ப்யூட்டர் கடையில் எல்லாம் ஏற்றிய பென்டிரைவ் 1,500 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? என் கணக்குகள் அழிந்துவிடுமா?

பதில்: வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது இலவச மென்பொருள். கணிதத்துக்கென்றே தொகுத்த லினக்ஸ் 2003-லிருந்தே இருக்கிறது. ஜப்பானியக் கணிதப் பேராசிரியர் தாட்சுயோஷி ஹமாடா ‘நாப்பிக்ஸ்/மேத்’ என்று தொடங்கியது, 2012-ல் ‘மேத்லிப்ரே’ ஆனது. யாரும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆனால் அதன் மெனுவில் பெயரே கேள்விப்படாத மென்பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். உங்கள் மகளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அதற்கு உபுண்டு என்ற பொதுவான லினக்ஸை நீங்களே ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டால் போதும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடையில் கிடைப்பது எந்த வருடத்து லினக்ஸ் என்று தெரியாது. விண்டோஸ் 2024 ஆகஸ்டில் தந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் வட்டுகள் பலவற்றை பூட் ஆகவிடாமல் தடுத்தது. அப்படி நின்றால் கடைக்காரர் என்ன சொல்வார்? “செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க.” செக்யூர் பூட் என்பது, நம்பகமான சிஸ்டத்தை மட்டுமே தொடங்கவிடும் காவல். அதை அணைக்கச் சொல்லித்தான் யூடியூபிலும் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். புதிய உபுண்டு, செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஓடும்.

உங்கள் கணக்குகளுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடும். ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’, ‘பிட்லாக்கர்’ என்பவை இதுதான். தினமும் பயன்படுத்தும்போது பூட்டு இருப்பதே தெரியாது. செக்யூர் பூட் போன்ற அமைப்பை மாற்றினால் போதும், அடுத்த முறை நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. அந்தக் கீ எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதலில் எந்த இமெயிலில் தொடங்கினார்களோ, அந்தக் கணக்கில். வாங்கிய அன்று “நாங்களே செட் பண்ணித் தர்றோம் சார்” என்று கடைப் பையன் தன் இமெயிலைப் போட்டிருந்தால், உங்கள் கணக்குப் புத்தகத்தின் சாவி அவனிடம் இருக்கிறது. அவன் வேறு கடைக்குப் போயிருந்தால்? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். லேப்டாப்பை விற்கும்போதே இதை ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே பென்டிரைவைத் தொடுவதற்கு முன், செட்டிங்ஸில் ‘பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். கடைக் கணக்குகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகலும் எடுத்துவிடுங்கள்.

இனி பென்டிரைவை நாமே தயாரிப்பது சுலபம். நல்ல கம்பெனியின் 32 ஜிபி யுஎஸ்பி 3 பென்டிரைவ் போதும். 1 டிபி பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். அளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அவை. உபுண்டு முழுவதும் அடங்கிய ‘ஐஎஸ்ஓ’ கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற சிறிய நிரல் இருக்கிறது. அது வழக்கமாக உள் டிஸ்க்கைப் பட்டியலில் காட்டாது, ஆனால் தேர்ந்தெடுத்த பென்டிரைவை முழுவதும் அழித்துவிடும். வேறு பென்டிரைவ் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

ரூஃபஸில் ‘பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன்’ என்று ஒரு நகர்த்தும் பட்டை இருக்கும். அதைப் பத்து ஜிபி வரை நகர்த்துங்கள். இதை விட்டுவிட்டால், மகள் நிறுவியதும் சேமித்ததும் லேப்டாப்பை அணைத்ததும் காணாமல் போகும். புதிதாக வருபவர்கள் லினக்ஸே வேண்டாம் என்று ஓடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சரியாக அமைந்ததா என்று பார்க்க, டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பை உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்து, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்க எஃப்2-வா எஃப்12-வா என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று ஒன்று வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு எழுந்ததும் ‘டிரை’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இன்ஸ்டால்’ பக்கம் கை போகவே கூடாது. டிஸ்க்கை அழிக்கக்கூடியது அதுதான். இதை மகளிடம் இரண்டு முறை சொல்லுங்கள். பிறகு இணையத்தோடு இணைத்து மேக்சிமாவையும் ஜியோஜீப்ராவையும் நிறுவலாம். “சிஸ்டம் முழுவதையும் அப்டேட் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம். முடித்ததும் முறையாக அணைத்துவிட்டுத்தான் பென்டிரைவை உருவ வேண்டும். ரெக்கார்டு நோட்டுக்கான கோப்புகளை இமெயிலிலும் போட்டு வைக்கட்டும்.

ஒரு விஷயம் கல்லூரியே சொல்லியிருக்க வேண்டும்: மேக்சிமா, ஜியோஜீப்ரா இரண்டும் விண்டோஸிலேயே இலவசமாக ஓடும். பாடத்திட்டத்தில் மென்பொருள் பெயரைப் போடத் தெரிந்தவர்களுக்கு, அதை வீட்டில் எப்படி நிறுவுவது என்று அரைப் பக்கம் எழுதித் தர நேரமில்லை. லேபையும் மாலையில் பூட்டிவிடுகிறார்கள். பாவம், பிள்ளைகள் கடைக்குத்தான் ஓடுவார்கள். லேபில் இருக்கும் அதே சூழலில் பழக வேண்டும் என்றால் மட்டும் பென்டிரைவ் வழிக்குப் போங்கள்.

அப்புறம், லேபில் இருப்பது மெனுவோடு வரும் டபிள்யூஎக்ஸ் மேக்சிமாவா, டெர்மினல் என்ற வெறும் எழுத்துத் திரையில் ஓடும் மேக்சிமாவா என்று மகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள். முதலாவதில் ஷிஃப்ட்–என்டர் தட்டினால் வரி முடிவில் அரைப்புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். டெர்மினலில் நாம்தான் போட வேண்டும். போடாவிட்டால் விடை வராது, பிழைச் செய்தியும் வராது, திரை சும்மா காத்திருக்கும். தேர்வு நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைத்துப் பதறிவிடுவாள்.