பொன்னிறம் முற்றிய வெள்ளை ஒயின்: கெட்டுவிட்டதா, உறங்குகிறதா?

கேள்வி: 2018 அறுவடையின் வெள்ளை ஹெர்மிடாஜ் ஆறு பாட்டில் வாங்கினேன். 2021-இல் முதல் பாட்டிலைத் திறந்தபோது பூ மணமும் பேரிக்காய் மணமும் அறையை நிறைத்தன. போன மாதம் இரண்டாவதைத் திறந்தேன். நிறம் அடர்ந்த பொன். மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாயில் கனம், விழுங்கிய பின் லேசான கசப்பு. எனக்கு விற்ற தரகரிடம் சொன்னேன். "இதன் காலம் முடிந்துவிட்டது. மீதி நான்கையும் பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காலம் முடிந்த ஒயினைப் பாதி விலை கொடுத்துத் திரும்ப வாங்க எந்தத் தரகருக்கும் மனம் வராது. அவர் வாங்க முன்வருகிறார் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

உங்கள் ஒயின் பெரும்பாலும் உறங்குகிறது. பிரான்சின் ரோன் நதிக்கரையில், டான்-லெர்மிடாஜ் ஊருக்கு மேலே நிற்கும் ஒரே குன்றில் விளைவது ஹெர்மிடாஜ். 1937 முதல் சட்டப்படி பெயர் காக்கப்பட்ட ஒயின். வெள்ளைக்கு மார்சான், ரூசான் என்ற இரண்டே திராட்சைகளுக்குத்தான் அனுமதி. பெரும்பாலும் மார்சான் கூடுதலாக இருக்கும். வாயில் தெரியும் கனமும் எண்ணெய் போன்ற வழவழப்பும் அதன் கொடை. ரூசான் மணத்தையும் கொஞ்சம் புளிப்பையும் கொண்டுவரும்.

நாட்பட வைக்கும் மற்ற வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் புளிப்பை நம்பி நிற்பவை. இந்தக் கலவையில் புளிப்பு குறைவு. இவ்வளவு குறைந்த புளிப்பை வைத்துக்கொண்டு இது எப்படி இருபது, முப்பது ஆண்டு தாங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. திராட்சைத் தோலிலிருந்து வரும் மெல்லிய துவர்ப்பும் ஒயினின் செறிவும் சேர்ந்துதான் இதைத் தூக்கி நிறுத்துகின்றன. நீங்கள் கசப்பு என்று சொன்னது பெரும்பாலும் இந்தத் துவர்ப்புதான். பாதாம் பருப்பைத் தோலோடு மென்றால் கடைசியில் நாக்கில் ஒட்டுமே, அது போல இருந்திருந்தால் கவலை வேண்டாம். மார்சானின் இயல்பே அது.

மணம் எங்கே போயிற்று? 2021-இல் உங்களை மயக்கிய பூவும் பழமும் பெருமளவு நொதித்தலின்போது பிறந்தவை. அந்த மணப்பொருள்கள் பாட்டிலுக்குள் முதல் சில ஆண்டுகளிலேயே சிதைந்து போய்விடும். தேன், தேன்மெழுகு, வறுத்த கொட்டைகள், உலர்ந்த ஆப்ரிகாட் போன்ற முதிர்ந்த மணங்கள் உருவாக இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். ஒன்று போய், மற்றது வராத இடைவெளியில் நீங்கள் தக்கையைப் பிடுங்கியிருக்கிறீர்கள். இந்த ஒயினில் அந்த இடைவெளி நான்காம், ஐந்தாம் ஆண்டில் தொடங்கிப் பத்தாம் ஆண்டு வரை நீள்வது சகஜம். சில அறுவடைகள் அதற்கு மேலும் அடம்பிடிக்கும். நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நிறத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். சிவப்பு ஒயின் வயதாக வயதாக வெளிறும், வெள்ளை ஒயின் வயதாக வயதாகக் கறுக்கும். ரூசானின் பெயரே அதன் தோலின் செம்பழுப்பு நிறத்தால் வந்தது. அதனால் பொன் என்பது குறையே இல்லை. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் உயிர் இருக்கிறது. மங்கி, ஆறிப்போன தேநீர் மாதிரி பழுப்புத் தட்டியிருந்தால் அப்போது கவலைப்படலாம்.

இன்னொரு சந்தேகம். நேராகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றினீர்களா? ஐந்தாறு டிகிரிக் குளிரில் இந்த ஒயினுக்கு வாய் திறக்காது, கசப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 12 முதல் 14 டிகிரி வேண்டும். சிவப்பு ஒயினுக்கான அகன்ற கிளாஸ் வேண்டும். அன்று கடைசியாகக் குடித்த கிளாஸ் முதல் கிளாஸைவிட நன்றாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். "ஆமாம்" என்றால் பாதிக் குற்றம் குளிரினுடையது.

உறக்கமா, சாவா என்று பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை, ஓர் இரவு போதும். பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி, ருசித்து, நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள். மிச்சத்தை அதே தக்கையால் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே கிளாஸில், அதே வெப்பநிலையில் மீண்டும் ருசியுங்கள். உறங்கும் ஒயின் மறுநாள் கொஞ்சமாவது கண் திறக்கும். மெழுகோ, தேனோ, கொட்டையோ ஏதோ ஒரு கோடு தெரியும், வாயில் நீளும். செத்த ஒயின் மறுநாள் இன்னும் மோசமாகும். வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை எழும், விழுங்கிய உடனே சுவை அறுந்துபோகும். கூடவே வெந்தய வாடையும் வரலாம். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சோட்டலான் என்ற அதே பொருள்தான் காற்றேறிய வெள்ளை ஒயினிலும் உருவாகிறது. அது கீற்றாக இருந்தால் முதுமையின் அழகு, மற்றதையெல்லாம் மூடிவிட்டால் முடிவு.

மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. தரகர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். தக்கைக் கேடு. டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் தக்கையிலிருந்து ஒயினில் இறங்குவதை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். அதிகமாக இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், எவரும் கண்டுபிடித்துவிடலாம். குறைவாக இருந்தால்தான் ஆபத்து. வாடை தெரியாது, ஒயினின் மணத்தை மட்டும் துடைத்து எடுத்துவிடும். குடிப்பவர் ஒயினைப் பழிப்பார், தக்கையைப் பழிக்க மாட்டார். உங்கள் இரண்டாவது பாட்டில் அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு பாட்டிலின் சாட்சியத்தை வைத்து மற்ற நான்குக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி தரகர்கள். ஒயினில் மோசடி என்றால் எல்லோரும் போலிப் பாட்டிலை நினைக்கிறார்கள். நியூயார்க் நீதிமன்றம் 2013-இல் போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவானைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த வழக்கு அப்படிப் பதிந்துவிட்டது. வெள்ளை ஹெர்மிடாஜ் வாங்குபவருக்கு அது பெரிய ஆபத்தே இல்லை. இங்கே அசல் ஒயினைத்தான் விற்கிறார்கள், ஆனால் வெந்துபோனதை விற்கிறார்கள். கோடை முழுக்கச் சூடான கிடங்கில் கிடந்த பாட்டிலுக்கும் சீரான நிலவறையில் தூங்கிய பாட்டிலுக்கும் வெளியே ஒரே லேபிள்.

நானே ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு தரகர் மூலம் மூன்று பழைய பாட்டில் வாங்கினேன். கழுத்தில் ஒயின் மட்டம் தக்கைக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே இருந்தது. "வயதுக்கு இது இயல்புதான்" என்றார். "தொழில்முறைச் சேமிப்பு" என்று ஒரு தாளும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மேல் உறையை உரித்தால் தக்கையின் தலையில் பிசுபிசுப்பு. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தாண்டிக் கசிந்ததன் அடையாளம் அது. மூன்றும் பழுப்பு. தாளை எடுத்துப் படித்தேன். எந்தக் கிடங்கு, எந்த ஆண்டு முதல் என்று ஒரு வரி இல்லை. இன்று நான் தரகரிடம் கேட்பது மூன்றே: வெளியான நாள் முதல் எங்கே இருந்தது, கழுத்து மட்டத்தின் படம், தக்கை மேலெழும்பியிருக்கிறதா என்பது. முதல் கேள்விக்கே பேச்சை மாற்றினால் நான் எழுந்துவிடுவேன்.

இதில் விதிகள் உதவும் என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உற்பத்தியாகும் ஒயினுக்கு உட்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. கியூஆர் குறியை அலைபேசியில் காட்டினால் எத்தனை கலோரி என்று தெரியும். மார்சான் எவ்வளவு, ரூசான் எவ்வளவு என்று சொல்லக் கட்டாயம் இல்லை. பாட்டில் எந்தச் சூட்டில் பயணம் செய்தது என்று சொல்லவும் கட்டாயம் இல்லை. வாங்குபவருக்கு உண்மையிலேயே தேவையான இரண்டு விவரங்களை விட்டுவிட்டுக் கலோரியை எண்ணித் தருகிறார்கள். எத்தனை ஆண்டு இதைச் சொல்லிக்கொண்டிருப்பது?

அடுத்த கொடுமை "இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை குடிக்கலாம்" என்ற கணக்கு. பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியை யாரோ ஒருவர் ஒருமுறை ருசித்துவிட்டு எழுதிய ஊகம் அது. விற்பவர்கள் அதைப் படியெடுத்துப் படியெடுத்து வேதவாக்காக்கிவிட்டார்கள். உங்கள் தரகர் "காலம் முடிந்தது" என்றதும் அப்படி எங்கோ பார்த்த எண்ணாகத்தான் இருக்கும். பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியின் வெள்ளை ஒயின்களில் 1990-களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து அகாலத்தில் காற்றேறிக் கெட்ட பாட்டில்கள் நிறைய வந்தன. அந்தப் பயத்தை எல்லா வெள்ளை ஒயினின் தலையிலும் கட்டி, உறங்குகிற பாட்டில்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பத்து ஆண்டு கழித்து "முதிர்ந்தது" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் சொன்ன பொறுமை எல்லா ரோன் வெள்ளைக்கும் பொருந்தாது. உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு பாட்டிலைப் பூட்டி வைப்பவர்களுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை கூடுதலாக இருக்கும் கலவையைக் காத்திருக்க வைக்காதீர்கள். வியோனியேவும் கனமானது, புளிப்பு குறைந்தது, அதே நதிக்கரையில் விளைவது. அதனால்தான் குழப்பம். ஆனால் அதன் மேன்மை முழுவதும் இளமையின் மணத்தில் இருக்கிறது. ஆப்ரிகாட்டும் மல்லிகையும் போய்விட்டால் பெரும்பாலும் அடுத்து வருவது ஒன்றுமில்லை. மார்சான் தூங்கினால் எழுந்திருக்கும், வியோனியே தூங்கினால் அநேகமாக எழுந்திருக்காது. கோந்திரியு என்ற ரோன் வெள்ளை ஒயின் முழுக்க முழுக்க வியோனியே. அதை மூன்று, நான்கு ஆண்டுக்குள் குடித்துவிடுவதே நல்லது. இந்த விலக்குக்கும் ஒரு விலக்கு, பக்கத்திலேயே இருக்கும் ஷாத்தோ-கிரிய்யே. நான்கு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஒரே உடைமை, 1936 முதல் தனிப் பெயர். அதுவும் முழு வியோனியேதான், ஆனால் நீண்ட நாள் நிற்கும் என்று பெயர் பெற்றது. ரோன் கலவை என்று பொதுவாக எழுதியிருக்கும் பாட்டிலில் வியோனியே எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் இந்த ஆண்டே குடித்துவிடுங்கள்.

உங்கள் நான்கு பாட்டிலுக்கு வருகிறேன். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, படுக்கை நிலை. சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி இத்தனை ஆண்டுக்கு ஆகாது, அதன் வறட்சி தக்கையைச் சுருக்கிவிடலாம். பத்தாம் ஆண்டான 2028-இல் ஒன்றைத் திறந்து அந்த ஓர் இரவுச் சோதனையைச் செய்யுங்கள். தக்கையில் கண்ணாடித் தூள் போல மின்னும் துகள் இருந்தால் அது டார்டாரிக் உப்பு, தீங்கில்லை. இன்னும் உறங்கினால் அடுத்ததை 2032 வரை தொடாதீர்கள்.

எழுந்துவிட்ட ஹெர்மிடாஜ் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் காத்திருக்க மனம் வரும். இருபது ஆண்டு கடந்த ஒன்றை நண்பர் ஒருவரோடு திறந்தேன். முதல் பத்து நிமிடம் மெழுகு மட்டும். நாற்பதாவது நிமிடத்தில் தேன், வறுத்த ஹேசல்நட், கொஞ்சம் புகை. மூக்கில் அவ்வளவு தேன் இருந்தும் வாயில் சர்க்கரை துளியும் இல்லை. நண்பர் மூன்று முறை முகர்ந்து, மூன்று முறை குடித்து, "இனிப்பு எங்கே போச்சு?" என்றார். விழுங்கிய பிறகும் அந்தக் கொட்டைச் சுவை நாக்கில் நின்றுகொண்டே இருந்தது.

கடைசியாக ஒரு வேலை. இரண்டாவது பாட்டிலின் தக்கையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒயின் பட்ட கறை அடி நுனியோடு நின்றிருந்தால் என் ஆலோசனை அப்படியே நிற்கிறது. கறை ஒரு பக்கமாக உச்சிவரை ஏறியிருந்தால் பாட்டில் கசிந்திருக்கிறது, சூடும் பட்டிருக்கலாம். அப்போது 2028 வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மூன்றாவதைத் திறந்து, மறுநாளும் ருசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவும் பழுப்பாக இருந்தால் தரகரிடம் பாதி விலை பேசாதீர்கள், முழுப் பணத்தையும் திரும்பக் கேளுங்கள்.