தோல் ஆலைக் கழிவுநீரில் குரோமியம் அளக்க ஏஏஎஸ் போதுமா, ஐசிபி வாங்க வேண்டுமா?

ராணிப்பேட்டைப் பக்கத்துச் சிறு ஆய்வகம், கையில் ஃபிளேம் ஏஏஎஸ் (சுடரில் உலோக அணுக்கள் உறிஞ்சும் ஒளியை வைத்து அளக்கும் கருவி) ஒன்று, வருவது தோல் ஆலைக் கழிவுநீரும் சேறும், வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குரோமியத்துக்கு மட்டும் என்றால் ஏஏஎஸ் போதும், ஐசிபி (ஆர்கான் பிளாஸ்மாவில் பல உலோகங்களை ஒருசேர அளக்கும் கருவி) தேவையில்லை. நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு மொத்தக் குரோமிய வரம்பு லிட்டருக்கு 2 மி.கி.; ஃபிளேம் அதை எளிதாக அளக்கும். எண்கள் ஒத்துப்போகாததற்குக் காரணத்தை முதலில் டைஜெஷனில் (மாதிரியை அமிலத்தில் சூடாக்கிக் கரைக்கும் படியில்) தேடுங்கள்.

சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்த நீரில் குரோமியம் பெரும்பாலும் ஹைட்ராக்சைடு துகளாக மிதக்கும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்துவிட்டு அமிலம் சேர்த்தால், அளக்க வேண்டியது வடிதாளிலேயே தங்கிவிடும். மொத்தக் குரோமியம் வேண்டுமானால் வடிக்காமல், பாட்டிலை நன்றாகக் குலுக்கி 100 மி.லி. எடுங்கள். 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து, வாட்ச் கிளாஸ் மூடி, சுமார் 95 டிகிரியில் கொதிக்கவிடாமல் 15-20 மி.லி.க்குச் சுண்டவைத்து, ஆறியபின் திரும்ப 100 மி.லி. ஆக்குங்கள். அடிப்பகுதி வறண்டுபோக விடக்கூடாது.

பெர்குளோரிக் அமிலத்தை இந்த மாதிரியில் தொடவே வேண்டாம். அது குரோமியத்தை ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு (ஹெக்ஸாவேலன்ட்) ஏற்றும். தோல் ஆலை நீரில் உப்பு ஏராளம் என்பதால் அந்தக் குளோரைடோடு சேர்ந்து குரோமைல் குளோரைடு உண்டாகும். அதன் கொதிநிலை 117 டிகிரிதான்; செம்பழுப்புப் புகையாக ஃபியூம் ஹுட் வழியே குரோமியம் வெளியேறிவிடும். ஆபத்து ஒருபுறம், அளவும் குறைவாகக் காட்டும்.

ஏஏஎஸ்ஸில் குரோமியத்தை அளப்பது 357.9 நானோமீட்டர் அலைநீளக் கோட்டில். காற்று-அசிட்டிலீன் சுடரில் அசிட்டிலீனைச் சற்றுக் கூட்டி மஞ்சளாக வைத்தால்தான் உணர்திறன் கிடைக்கும். ஆனால் இரும்பு அங்கே குரோமியத்தை அமுக்கும், மூன்றாம் நிலைக் குரோமியமும் ஆறாம் நிலைக் குரோமியமும் ஒரே அளவு சிக்னல் தராது. ஆறாம் நிலையான டைக்குரோமேட்டில் செய்த ஸ்டாண்டர்டை வைத்துச் சேற்றை அளந்தால் முடிவு பிசகுவது இதனால்தான். நைட்ரஸ் ஆக்சைடு சுடர் இரண்டையும் பெருமளவு சரிசெய்யும். அதற்கு 5 செ.மீ. பர்னர்தான் போட வேண்டும். 10 செ.மீ. பர்னரில் நைட்ரஸ் ஆக்சைடு விட்டால் சுடர் உள்ளே பாய்ந்து வெடிக்கும்.

சேற்றிலும் மண்ணிலும்தான் உண்மையான சிக்கல். ஸ்பைக் மீட்பு (தெரிந்த அளவு குரோமியம் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது) 98 சதவீதம் வந்தது என்று நிம்மதியடைய வேண்டாம். நீங்கள் சேர்த்தது கரைசலாக இருக்கும் குரோமியம், அது எப்படியும் கிடைத்துவிடும். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரிப்பின் எச்சம் கலந்த மண்ணில் குரோமைட் தாது இருக்கலாம். நைட்ரிக்கிலும் ராஜதிராவகத்திலும் அது முழுதாகக் கரையாது. 105 டிகிரியில் உலர்த்தி நைசாக அரைத்த அதே மாதிரியை எக்ஸ்ஆர்எஃப்பில் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி, கரைக்காமலே அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். கரையாத தாதுவையும் அது எண்ணும். எக்ஸ்ஆர்எஃப் எண் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், பீக்கரின் அடியில் தங்கும் கருமணலில் மீதி இருக்கிறது. அப்போது சிர்கோனியம் மூசையில் சோடியம் பெராக்சைடோடு உருக்கித்தான் கரைக்க முடியும். வேறு ஆய்வகத்தோடு எண்ணை ஒப்பிடும் முன் அவர்கள் எந்த டைஜெஷன் செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் ஒரே மாதிரியில் தினமும் கேட்கிறார்கள் என்றால் ஐசிபி-ஓஈஎஸ் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஆர்கான் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். உப்பு மிகுந்த நீரை அப்படியே இழுக்கவிட்டால் நெபுலைசர் (நீரை நுண்துளியாகத் தெளிக்கும் பகுதி) அடைக்கும், சிக்னல் மெல்ல இறங்கும். 10 மடங்கு நீர்க்கச் செய்து, சிக்னல் இறக்கத்தைத் திருத்த இட்ரியத்தை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகச் சேர்த்து, குரோமியத்தை 267.716, 205.560 நானோமீட்டர் கோடுகளில் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒத்துவராவிட்டால் அந்த எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

ஹெக்ஸாவேலன்ட் (ஆறாம் நிலை) குரோமியத்தை ஏஏஎஸ்ஸோ ஐசிபியோ தனியாகச் சொல்லாது. வரம்பு லிட்டருக்கு 0.1 மி.கி.; டைஃபீனைல் கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் பார்க்கும் பழைய முறைதான். அதற்கு வேறு பாட்டில் எடுங்கள், அமிலம் சேர்க்காமல். அமிலம் விழுந்தால் நீரிலுள்ள கரிமப் பொருள்கள் அதை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.