முன்பணம் வாங்கிப் படகு இறக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். கையில் இருக்கும் பணத்தில் ஃபைபர் படகு வாங்கி நண்டு வலைக்குப் போகலாம் என்கிறார். வலைக்குப் பணம் பத்தாது. ஒரு வியாபாரி முன்பணம் தருவதாகச் சொல்கிறார், வட்டியும் இல்லையாம். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இதை நம்பலாமா அக்கா?
- வாசகி, தொண்டி

பதில்: தொழிலை நம்பலாம் தங்கச்சி. அந்த முன்பணம் மட்டும் வேண்டாம்.

நானும் பாக் விரிகுடாக் கரைக்காரிதான். எங்கள் வீட்டுப் படகுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். வட்டி இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கடன் தீரும்வரை பிடிக்கிற நண்டெல்லாம் அவர் தராசில்தான் ஏற வேண்டும். அவர் சொல்வதுதான் விலை. கமிஷன் போகும், எடையில் கழிவு போகும். பக்கத்துப் படகு கிலோவுக்குக் கூடுதலாக விற்றாலும் நீங்கள் அங்கே போக முடியாது. அசலை அவர் அவசரப்பட்டுக் கேட்கவும் மாட்டார். கடன் நிற்கிறவரைக்கும் அவருக்குத்தானே லாபம்!

அப்புறம் வலை. நண்டைப் பிரிக்கும்போதே கிழியும். கயிறும் மிதப்பும் ஈயக் குண்டும் மிஞ்சும், வலையை மட்டும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். எங்கள் ஊரில் டீசல் செலவைக் கழித்துவிட்டு மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கும். படகுப் பங்கை வீட்டுச் செலவில் கலந்துவிடாதீர்கள். அடுத்த வலைக்கு அதுதான் முதல்.

நம் கடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நம் ஃபைபர் படகு மாதிரி நாட்டுப்படகு என்று முறை உண்டு. முறை தப்பி விசைப்படகு இழுவைமடியை (கடலடியை வாரி இழுக்கும் வலை) இழுத்து வந்தால் போட்ட வலை மொத்தமும் போய்விடும். அதனால் இருக்கிற வலையை எல்லாம் ஒரே இடத்தில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நமக்கு வலைக்கும் பயமில்லை, மீனுக்கும் விலை உண்டு. வாடைக் காலத்தில்தான் கை இறுகும்.

அதற்கு இப்போதே மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் சேருங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் காற்றுக் காலத்தில் கைக்கு வரும். வலைக்குக் கிசான் கடன் அட்டை கேட்டுப் பாருங்கள். 2018-19 முதல் மீனவர்களுக்கும் அது உண்டு. மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

கடன் கிடைக்கத் தாமதமானால் கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு வலை வருமோ அதோடு தொடங்கட்டும். ஒரு பருவம் வேறொருவர் படகில் பங்குக்குப் போய் வந்தால் இன்னும் நல்லது. வளைகுடாவில் இருந்த காலத்தில் இங்கே வலை போடும் இடமெல்லாம் மாறியிருக்கும்.